பாடும் குரலும் கேட்கும் செவியும்

ஹைதராபாத் நகரின் வடபகுதியில், செகந்திராபாத்துக்கும் பொல்லாரத்துக்கும் இடையே அமைந்துள்ளது அல்வால். ராணுவக் குடியிருப்புகளை ஒட்டி வளர்ந்த இவ்வூர் 2007-ஆம் ஆண்டில் ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியுடன் இணைந்தது. ஆங்கிலேயர் காலத்தில் மதராஸ் படைப்பிரிவுகளுடன் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இவ்வட்டாரத்தில் இன்றும் வாழ்கின்றனர்.

2023 ஆகஸ்ட் 7 அன்று இந்த அல்வாலை நோக்கி மாபெரும் மக்கள் திரள் ஒரு பூதவுடலைச் சுமந்து வந்தது. மறைந்தவர் அமைச்சரோ திரைப்பட நாயகரோ அல்லர். தோளில் கம்பளியும், காலில் சலங்கையும், கையில் கோலும் கொண்டு ஊர் ஊராய்ப் பாடித் திரிந்த ஒரு பாடகர். கும்மடி விட்டல் ராவ் என்பது அவரது இயற்பெயர். உலகம் அறிந்த பெயர் கத்தர். ஏழைப் பிள்ளைகளுக்காக அல்வாலில் அவர் தோற்றுவித்த மகாபோதி வித்யாலயா என்னும் பள்ளியின் வளாகத்திலேயே, பௌத்த முறைப்படி, அரசு மரியாதையுடன் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

வழியெங்கும் நின்ற இளைஞர்கள் அழுதுகொண்டே அவர் பாடல்களைப் பாடினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அப்பாடல்கள் இயற்றப்பட்ட காலத்தில் பிறந்திருக்கவே இல்லை. ஏட்டைப் பார்த்துப் பாடியவர் எவருமில்லை. ஒரு தலைமுறையின் பாட்டு அடுத்த தலைமுறையின் நாவில் எவ்வாறு ஏறுகிறது? இன்றைய இளைஞரின் வாழ்வில் இசை வகிக்கும் இடம் வேகமாக மாறிவரும் வேளையில் இக்கேள்வி ஆழ்ந்த சிந்தனைக்கு உரியது.

உழைப்பில் பிறந்த பாட்டு

கத்தர் நெடுங்காலம் ஆதரித்த ஆயுதப் புரட்சிப் பாதையை ஆன்மிக நோக்கு ஏற்பதில்லை. பிற்காலத்தில் அவரே அப்பாதையிலிருந்து விலகி, 2018-ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். 1997 ஏப்ரல் 6 அன்று தம் இல்லத்திலேயே துப்பாக்கியால் சுடப்பட்ட அவர், முதுகெலும்பருகே தங்கிவிட்ட ஒரு குண்டுடனேயே எஞ்சிய நாட்களைக் கழித்தார். அவரது அரசியலைச் சீர்தூக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவரது இசை எங்கிருந்து வந்தது, எவ்வாறு பரவியது என்பதே இங்குக் கருதத்தக்கது.

வங்கி ஊழியராகப் பணியாற்றிய அவர் அவ்வேலையைத் துறந்து பாட்டையே வாழ்வாகக் கொண்டார். மெட்டுகளை அவர் புதிதாகத் தேடவில்லை. நாற்று நடும் பெண்களின் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, புர்ரகதை, ஒக்குக்கதை ஆகிய தெலங்கானா மண்ணின் வடிவங்களிலிருந்தே எடுத்துக்கொண்டார். 'மா பூமி' என்னும் திரைப்படத்தில் அவர் தோன்றிப் பாடிய புகழ்பெற்ற பாடலும் அவர் இயற்றியதன்று. 1940-களில் தெலங்கானா உழவர் போராட்டத்தின்போது பண்டி யாதகிரி என்பவர் புனைந்தது அது. முப்பது ஆண்டுகள் மக்கள் நாவில் வாழ்ந்திருந்த பாட்டுக்கு அவர் தம் குரலைத் தந்தார்.

'ஒரே ரிக்‌ஷா' என்னும் படத்துக்கு அவர் எழுதிய, அண்ணன் தங்கை பாசத்தைச் சொல்லும் பாடலுக்கு ஆந்திர அரசின் நந்தி விருது கிடைத்தது. அதனை அவர் ஏற்க மறுத்தார். காலத்தின் விந்தை, இன்று தெலங்கானா அரசு வழங்கும் திரைப்பட விருதுகள் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. 2025 ஜூன் மாதத்தில் அவை முதன்முறையாக வழங்கப்பட்டன.

தெலங்கானாவின் மாநிலப் பாடலை இயற்றிய அந்தெஸ்ரீயும் இத்தகையவரே. பள்ளிப்படிப்பு இல்லாதவர், ஆடு மேய்த்தும் கட்டட வேலை செய்தும் வாழ்ந்தவர். மனிதன் என்பவன் மறைந்துகொண்டே போகிறான் என்று உருகும் அவரது பாடல், எந்தப் பள்ளியில் அவர் பயிலவில்லையோ அந்தக் கல்விக்கூடங்களிலேயே பாடமாயிற்று. அவரது பாடல் 2024 ஜூன் 2 அன்று மாநிலப் பாடலாக ஒலித்தது. 2025 நவம்பரில் அவர் மறைந்தார்.

இவ்விருவரிடமும் பொதுவாகக் காண்பது ஒன்றுண்டு. பாட்டு இவர்களுக்குப் பொழுதுபோக்காக வரவில்லை. உழைப்பின் களைப்பிலும், பிரிவின் துயரிலும், கூடி வாழ்வதன் மகிழ்ச்சியிலும் அது பிறந்தது. கேட்டவர்களும் கேட்பவராக மட்டும் நின்றுவிடவில்லை. இரண்டாம் அடியிலேயே உடன் பாடத் தொடங்கினார்கள்.

சிறையில் பிறந்த கீர்த்தனை

அல்வாலிலிருந்து தென்மேற்கே, அதே நகரின் மறுபுறத்தில் நிற்கிறது கோல்கொண்டா கோட்டை. பதினேழாம் நூற்றாண்டில் தானா ஷா என்னும் அபுல் ஹசன் குதுப் ஷா அங்கு ஆண்டார். அவரது அரசில் வருவாய் அதிகாரியாக இருந்த கஞ்செர்ல கோபன்னா, பத்ராசலத்தில் ஸ்ரீராமருக்குக் கோயில் எழுப்ப அரசுப் பணத்தைச் செலவிட்டார். அதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் அவர் சிறையிலிருந்ததாக மரபு கூறுகிறது.

அச்சிறையில் அவருக்கு அவையில்லை, பக்கவாத்தியமில்லை, கேட்பார் ஒருவருமில்லை. ஆயினும் அவர் பாடினார். இராமனிடம் கெஞ்சினார், கோபித்தார், கணக்குக் கேட்டார், இறுதியில் சரணடைந்தார். அக்கீர்த்தனைகளே அவரைப் பத்ராசல ராமதாசராக்கின. பின்னாளில் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகள் அவரைத் தம் முன்னோடியாகப் போற்றினார். தமிழகத்தின் பஜனை சம்பிரதாயத்தில் இராமதாசர் கீர்த்தனைகளுக்குத் தனியிடம் உண்டு. தெலுங்கு அறியாத தமிழ் இல்லங்களிலும் அவை தலைமுறைகளாகப் பாடப்பட்டு வருகின்றன.

சிறைக்கதவு பாடியவரைத்தான் அடைத்தது. பாட்டோ கோல்கொண்டாவிலிருந்து காவிரிக்கரை வரை நடந்தே வந்துவிட்டது. பாகவதர்களும் யாத்திரிகர்களும் ஒருவரிடமிருந்து ஒருவராகக் கேட்டும் பாடியும் கொண்டு வந்து சேர்த்தார்கள்.

ஏடு காத்ததும் குரல் காத்ததும்

இதற்கு மாறான வரலாறும் உண்டு. திருமலையில் வாழ்ந்த அன்னமாசாரியார் (1408–1503) 32,000 சங்கீர்த்தனங்கள் இயற்றியதாக மரபு. அவரது குடும்பத்தார் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலிலேயே ஒரு கல்லறைக்குள் சேமித்து வைத்தனர். காகிதம் மட்கும், ஓலை செல்லரிக்கும், செம்பு நிலைக்கும் என்று அவர்கள் எண்ணியது சரியே. 1922-ஆம் ஆண்டில் அச்செப்பேடுகள் வெளிக்கொணரப்பட்டபோது பல்லாயிரம் பாடல்கள் எழுத்துச் சிதையாமல் கிடைத்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ராகத்தின் பெயரும் இருந்தது.

ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றை எப்படிப் பாடுவது என்று சொல்ல எவருமில்லை. இடையில் பாடுவோர் சங்கிலி அறுந்துவிட்டது. சொல்லைச் செம்பு காத்தது. மெட்டைக் காக்க வேண்டிய குரல்கள் அடங்கிப் போயிருந்தன. ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி, பாலகிருஷ்ண பிரசாத் முதலியோர் பின்னர் ஒவ்வொரு பாடலாக எடுத்து இசையமைத்தார்கள். 1979–80 காலத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார், அறுபது வயதைக் கடந்த நிலையிலும் ஒரு மாணவியைப் போல அமர்ந்து இப்பாடல்களைக் கற்றுப் பாடி இசைத்தட்டுகளாக அளித்தார். அதன்பின்னரே தென்னாட்டு இல்லங்களில் அன்னமய்யா மீண்டும் ஒலித்தார்.

தமிழருக்கு இக்கதை புதிதன்று. தில்லையில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகளைக் கறையான் அரித்திருந்ததையும், இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை மீட்டதையும் திருமுறை வரலாறு கூறுகிறது. ஏடு கிடைத்த பின்னும் பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியின் குரலிலிருந்தே பண்முறை மீண்டது என்பது மரபு. அறைக்குள் இருந்தது பாதி. அந்த அம்மையாரின் நாவில் இருந்தது மீதி.

இன்று ஒவ்வோர் இளைஞரின் சட்டைப்பையிலும் ஒரு செப்பேட்டறை இருக்கிறது. கோடிக்கணக்கான பாடல்கள் அதனுள் உறங்குகின்றன. செப்பேட்டால் இயலாததையும் கைபேசி செய்கிறது. சொல்லோடு மெட்டையும், பாடியவரின் மூச்சையும்கூடக் காத்து வைக்கிறது. இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் பாட்டைச் சேமித்து வைத்திருப்பவர் பாடத் தெரிந்தவர் ஆகிவிடுவதில்லை. எத்தனை பாடல்களை வைத்திருக்கிறோம் என்பதை விட, எத்தனை பாடல்களைக் கருவியின் துணையின்றிப் பாட இயலும் என்பதே ஒரு தலைமுறையின் உண்மையான இசைச் செல்வம்.

தனிமையும் பேரொலியும்

முற்காலத்தில் பாட்டு ஏதேனும் ஒரு செயலுடன் சேர்ந்தே இருந்தது. நடவுக்கு ஒன்று, ஏற்றத்துக்கு ஒன்று, தொட்டிலுக்கு ஒன்று, திருப்பள்ளியெழுச்சிக்கு ஒன்று. பின்னர் அரங்கு வந்தது. ஒருவர் பாடப் பலர் கேட்டனர். வானொலியும் ஒலிநாடாவும் அரங்கை வீட்டுக்குள் கொண்டுவந்தன. ஆயினும் வீட்டில் ஒரே வானொலி இருந்ததால் தாத்தா கேட்டதைப் பேரனும் கேட்டான். விருப்பமின்றிக் கேட்ட பாட்டும் பின்னாளில் அவனது சொந்தமாயிற்று.

இன்று ஒரே கூடத்தில் நால்வர் அமர்ந்து நான்கு வெவ்வேறு பாடல்களைக் கேட்கிறார்கள். காதில் பொருத்திய கருவி ஒவ்வொருவரையும் ஒரு தனி அறையில் அமர்த்திவிடுகிறது. எது மனத்துக்கு இதமோ அதையே மீண்டும் மீண்டும் அக்கருவி ஊட்டுகிறது. சோர்வுற்ற மகனின் காதில் சோர்வின் பாட்டே தொடர்ந்து ஒலிக்கிறது. அருகிலிருக்கும் தாய்க்கு அது தெரிவதில்லை. உடலுக்கும் இதனால் கேடுண்டு. பாதுகாப்பற்ற முறையில் பேரொலியுடன் கேட்பதால், 12 முதல் 35 வயது வரையிலானோரில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது.

வீட்டில் தனிமை என்றால் வீதியில் பேரொலி. ஆடி மாதத்தில் போனாலு விழாவின்போது ஹைதராபாத் வீதிகளில் டப்பு முழங்கும். தமிழகத்தின் பறைக்கு உடன்பிறந்தது அது. நிஜாமின் படையில் பணிபுரிந்த ஏமன் நாட்டாரும் ஆப்பிரிக்கரும் கொண்டுவந்த மார்ஃபா என்னும் தாளவிசையும் இந்நகருக்கே உரியது. இளைஞர்கள் ஆடும் தீன்மார் அதிலிருந்து பிறந்ததே. முழக்குவோரும் ஆடுவோரும் ஒருவரையொருவர் பார்த்துத் தாளத்தை ஏற்றியும் இறக்கியும் கொண்டு சென்றார்கள். அவ்விடத்தை டி.ஜே. ஒலிபெருக்கிகள் பிடித்துக்கொண்டன. நெஞ்சு அதிரும் அவ்வோசையைத் தாங்க இயலாமல் முதியோரும் நோயாளிகளும் வருந்தினர். பல சமயத்தாரின் கருத்துகளையும் கேட்ட பின், 2024 அக்டோபரில் ஹைதராபாத் மாநகரக் காவல்துறை சமய ஊர்வலங்களில் டி.ஜே. ஒலியமைப்புகளைத் தடை செய்தது.

இறைவனுக்காக எழுப்பப்படும் ஒலியைக் காவல்துறை தடுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பது பக்தர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. டப்பு முழக்குபவருக்கு மூச்சு வாங்கும், கை வலிக்கும், நோயாளி இருக்கும் வீட்டைக் கடக்கையில் அவர் மெதுவாக அடிப்பார். ஒலிபெருக்கிக்குக் களைப்பும் இல்லை, கருணையும் இல்லை.

இளைஞரைக் குறை கூறுவது முறையன்று

இவற்றைக் கண்டு இளைய தலைமுறையைப் பழிப்பது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. ஆந்திரப் பிரதேசத்தின் லம்பாடிக் குடியிலிருந்து வந்த மங்க்லி என்னும் இளம் பாடகி, பதுக்கம்மா திருவிழாப் பாடல்களை யூடியூப் வழியாகவே உலகெங்கும் கொண்டு சென்றார். பூக்களை அடுக்கி வைத்துப் பெண்கள் கைகொட்டிச் சுற்றி வரும் அவ்விழாப் பாட்டுக்கு, 2021-இல் ஏ.ஆர். ரஹ்மானும் இசையமைத்தார். பெருநகரங்களில் இளைஞர்கள் மாலை வேளைகளில் நூற்றுக்கணக்கில் கூடி, மது இன்றி, பஜனைப் பாடல்களைக் கிதாருடனும் தாளத்துடனும் சேர்ந்து பாடும் புதிய வழக்கமும் தோன்றியுள்ளது. அதில் ஆடம்பரம் கலந்திருக்கலாம். எனினும் சேர்ந்து பாட வேண்டும் என்னும் தாகம் இளம் நெஞ்சங்களில் வற்றிவிடவில்லை என்பதற்கு அது சான்று. அவர்கள் தாகத்தைப் பழிக்காமல் ஊற்றைக் காட்டுவதே பெரியோர் கடமை.

இயற்றுவோர் யார்?

பாடல் இயற்றுவோரின் நிலையும் மாறிவருகிறது. 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படத்தில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களும் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் மீண்டும் ஒலித்தன. அவர்தம் குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அளித்து அது செய்யப்பட்டது. இன்றோ குரலும் மெட்டும் சொல்லும் அனைத்தையும் சில நொடிகளில் கருவியே அமைத்துத் தருகிறது.

கருவி அமைத்த பாட்டு காதுக்கு இனிமையாக இருக்கலாம். ஆனால் இராமதாசரின் கீர்த்தனைக்குப் பின்னே ஒரு சிறைவாசம் இருக்கிறது. அந்தெஸ்ரீயின் பாட்டுக்குப் பின்னே செங்கல் சுமந்த தோள் இருக்கிறது. துன்புற்ற ஒருவர் அப்பாடலைக் கேட்கையில், தம்மைப் போல் துன்புற்ற இன்னொருவர் கைநீட்டுவதை உணர்கிறார். அவர் தாங்கினார், நானும் தாங்குவேன் என்னும் துணிவு பிறக்கிறது. வாழ்ந்து பார்க்காத கருவியிடம் இந்தத் துணை கிடைப்பதில்லை. பாட்டின் பயன் அதைப் படைத்தவரின் தவத்தில் வேர்கொண்டது என்று நம் முன்னோர் கருதியது இதனால்தான்.

நரேந்திரரின் பாட்டு

1893 பிப்ரவரி 13 அன்று செகந்திராபாத் மஹபூப் கல்லூரியில் ஓர் இளந்துறவி உரையாற்றினார். மேலை நாட்டுக்குத் தாம் செல்லும் நோக்கத்தை அவர் அங்கு எடுத்துரைத்தார். ஏழு மாதங்களுக்குப் பின் சிகாகோவில் உலகம் அவரை அறிந்தது. அல்வாலுக்கு அண்மையிலுள்ள அம்மேடையில் பேசிய சுவாமி விவேகானந்தர், பேச்சாளராக அறியப்படும் முன்பே தேர்ந்த பாடகராக விளங்கியவர்.

இளமையில் அவர் முறையாக இந்துஸ்தானி இசை பயின்றார். 1887-இல் 'சங்கீத கல்பதரு' என்னும் இசைத்தொகுப்பு நூலை மற்றொருவருடன் இணைந்து உருவாக்கினார். 1881-இல் ஸ்ரீராமகிருஷ்ணர் அவரை முதன்முதலில் கண்டதே ஓர் அன்பர் இல்லத்தில் அவர் பாடியபோதுதான். நரேந்திரர் பாடக் கேட்டுக் குருதேவர் சமாதியில் ஆழ்ந்த நிகழ்ச்சிகள் பல. தந்தையை இழந்து வறுமையில் தவித்த நாட்களிலும் நரேந்திரர் பாடுவதை விடவில்லை.

நெஞ்சை நெகிழவைத்துப் பலவீனமாக்கும் இசையைச் சுவாமிஜி விரும்பவில்லை. இளைஞர்களின் செவியில் வீரமும் உறுதியும் ஊட்டும் கம்பீரமான நாதம் விழவேண்டும் என்று சீடரிடம் வலியுறுத்தினார். உள்ளம் எதைக் கேட்கிறதோ அதுவாக மெல்ல மெல்ல மாறுகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். 1898-இல் அவர் இயற்றிய ஆரதி கீதம் இன்றும் ஸ்ரீராமகிருஷ்ண மடங்களில் அந்திதோறும் ஒலிக்கிறது. துறவியரும், மாணவரும், அன்று முதல்முறை வந்தவரும் ஒரே குரலாக அதைப் பாடுகிறார்கள். குரல் நன்றாக இல்லாதவரை எவரும் விலக்குவதில்லை. நூற்றாண்டைக் கடந்தும் அக்கீதத்தின் மெட்டு மாறாமல் நிற்பதற்கு அந்த அந்திப் பாட்டே காரணம்.

இல்லத்தில் தொடங்கலாம்

பெரிய முயற்சிகள் தேவையில்லை. மாலை விளக்கேற்றியதும் பத்து நிமிடம் குடும்பத்தார் அனைவரும் கைபேசிகளை ஒதுக்கி வைத்து ஒரு பாடலைச் சேர்ந்து பாடலாம். சுருதி தவறினால் தவறட்டும். ஒரு மாதத்துக்கு ஒரு பாடல் என்று கொண்டால், ஆண்டு முடிவில் பன்னிரண்டு பாடல்கள் குழந்தையின் நாவில் தங்கிவிடும். அவை ஆயுள் முழுவதும் உடன் வரும். மின்சாரம் இல்லாத இடத்திலும், மருத்துவமனைப் படுக்கையிலும் துணையிருக்கும்.

பாட்டியோ தாத்தாவோ அறிந்த தாலாட்டையும் பஜனைப் பாட்டையும் பேரக்குழந்தைகள் கேட்டுப் பதிவு செய்யலாம். பதிவு செய்ததோடு நிறுத்தாமல் பாடவும் கற்க வேண்டும். அப்போதுதான் கைபேசி செப்பேட்டறையாகிவிடாமல் பாலமாகப் பயன்படும். பிள்ளைகள் விரும்பும் பாடல்களைப் பெற்றோரும் ஒருநாள் அமர்ந்து கேட்பது நலம். மகன் காதில் ஒலிக்கும் பாட்டைத் தாய் அறிந்தால், அவன் நெஞ்சில் உள்ள சுமையையும் ஒருவேளை அறிந்துகொள்வாள். திருவிழாக் குழுவினர் ஒலிபெருக்கிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியையேனும் நாகஸ்வரக் கலைஞருக்கும், பறைக் கலைஞருக்கும், ஓதுவாருக்கும் அளிக்கலாம்.

அல்வாலில் உடன் பாடியவாறு அழுத இளைஞர்கள், பாட்டு எவ்வாறு பிழைக்கிறது என்பதை அறியாமலே காட்டிச் சென்றார்கள். கல்லறையும் செப்பேடும் காப்பது ஒரு பகுதி. எஞ்சியதை இன்றைய பிள்ளைகளின் குரல் காக்க வேண்டும்.

சிந்தனைக்கு

1. கருவியின் துணையின்றி முழுமையாகப் பாட இயலும் இறைப்பாடல்கள் எத்தனை?

2. அவற்றை யாரிடமிருந்து கற்றோம்? யாருக்குக் கற்பித்தோம்?

3. நாள்தோறும் கேட்கும் இசை, கேட்டு முடித்தபின் உள்ளத்தில் எதை விட்டுச் செல்கிறது: அமைதியையா, துணிவையா, சோர்வையா?